பையும் கொடியும்

இரவு டியூட்டி முடித்து ஹேண்டோவர் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் டாக்டர் செல்போனை நீட்டினார். "சிஸ்டர், இதைப் பாருங்க. உங்க ஊர்ச் சரக்கு." 2017 ஏப்ரல் கடைசி வாரம். திரையில் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு செம்மறிக் குட்டி, கண் மூடிக் கிடந்தது. உடம்பில் ரோமம் சரியாக முளைக்கவில்லை. திடீரென்று பின்னங்காலால் ஒரு உதை விட்டது, மறுபடி அடங்கிவிட்டது.

அமெரிக்காவில் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் ஆலன் ஃப்ளேக், எமிலி பார்ட்ரிட்ஜ், மார்கஸ் டேவி ஆகியோரின் குழு செய்த வேலை அது. குறைமாதத்தில் எடுத்த குட்டிகளை நான்கு வாரம் வரை பைக்குள் வளர்த்திருந்தார்கள். சுற்றி நின்ற சின்ன வயசு சிஸ்டர்கள் எல்லாரும் பையைப் பார்த்து வாய் பிளந்தார்கள். நான் தொப்புளைப் பார்த்தேன். காங்கேயத்துக்குப் பக்கத்தில் பட்டி போட்டு ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவள் நான். குட்டி விழுந்ததும் கொடியைப் பார்ப்பது அப்பா பழக்கிய பழக்கம். இந்தக் குட்டியின் கொடி ரத்தக்குழாய்களில் மெல்லிய குழாய்களைப் பொருத்தியிருந்தார்கள். ரத்தம் ஒரு சின்னப் பெட்டிக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தது. எங்கள் வார்டில் வேலை தொடங்குவதே கொடியை வெட்டிய பிறகுதான். அங்கே அந்த வெட்டு விழவே இல்லை.

நான் 1991-ல் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் மருத்துவமனையில் பிரசவ வார்டை ஒட்டி ஓர் அறை இருந்தது. அதில் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்கு மேலே பல்பு, உள்ளே பஞ்சு மெத்தை. கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைக்கு எடை எழுதுவதோடு பாதி வேலை முடிந்துவிடும். வெளியே நிற்கும் அம்மாயியிடம் போய்ச் சொல்வது மீதிப் பாதி. "ஆறு மாசப் புள்ளைங்க. மூச்சு நிக்க மாட்டேங்குது." அந்த அம்மாயி அழ மாட்டார். "ஏழு மாசம் ஆயிருந்தா பொழச்சிருக்குமுங்களா சிஸ்டர்?" என்று கேட்பார். ஏழாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்காது என்று நம் பக்கம் ஒரு கணக்கு உண்டு. இதைவிடத் தப்பான கணக்கை நான் கேட்டதில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான். அதனால் நாங்கள் மாதக்கணக்கில் பேசுவதே இல்லை. 25 வாரம் 4 நாள் என்று நாளோடு எழுதுவோம். அந்த நாலு நாளுக்கும் விலை உண்டு.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. வார்மர் வந்தது, வென்டிலேட்டர் வந்தது. தண்ணீருக்குள் குழாய் நுனியை அமுக்கி அந்த அழுத்தத்தில் மூச்சைத் தாங்கும் பபுள் சிபேப் வந்தது. ராத்திரி வார்டில் அது உலை கொதிக்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் தூக்கத்திலும் விழித்துக்கொள்வேன். சர்ஃபாக்டன்ட் வந்தது. மாட்டு நுரையீரலிலிருந்தோ பன்றி நுரையீரலிலிருந்தோ எடுத்த, பால் மாதிரி வெள்ளையான மருந்து. ஒரு குப்பிக்குப் பல ஆயிரம் ரூபாய். மூச்சு விட மறந்துபோகும் குழந்தைக்குக் காஃபீன். ஆமாம், காபியில் இருக்கும் அதே காஃபீன்தான். "பொறந்ததும் காப்பி குடிக்கற புள்ள நம்ம கோயமுத்தூர்ப் புள்ளதான்" என்று ஒரு தாத்தா சிரித்தார். அந்த வார்டில் சிரித்த தாத்தாக்கள் குறைவு, அதனால் அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

24 வாரக் குழந்தையைக் கையாளுவது என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்வது கஷ்டம். தோல் வெங்காயத்தின் உள்சருகு மாதிரி இருக்கும், அடியில் ஓடும் ரத்தக்குழாய் தெரியும். பிளாஸ்திரியை அவசரத்தில் உரித்தால் தோலும் கூடவே வந்துவிடும். 600 கிராம் குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தம் சுமார் 55 மில்லி. நாம் காபி குடிக்கிற டம்ளரில் ஊற்றினால் பாதிகூட வராது. பரிசோதனைக்கு ஒரு மில்லி எடுக்கும்போது அந்த டம்ளரை நினைத்துக்கொள்வேன். வேண்டாத டெஸ்ட் எழுதும் சின்ன டாக்டர்களிடம் நான் சண்டை போட்டதெல்லாம் இந்த டம்ளரை வைத்துத்தான்.

பை எங்களுக்கும் புதிதில்லை. ரொம்பவும் சீக்கிரம் பிறந்த குழந்தையைத் துடைக்கக் கூடாது. ஈரத்தோடு கழுத்து வரைக்கும் சுத்தமான பாலித்தீன் பைக்குள் இறக்கி, வார்மருக்குக் கீழே வைப்போம். உடம்புச் சூடு ஆவியாகிப் போகாமல் இருக்க அதைவிட மலிவான, அதைவிட நல்ல வழி கிடையாது. ஒருமுறை ஓர் ஆத்தா கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "ஏனுங் சிஸ்டர், சந்தையில தக்காளி வாங்குனாப்பல பையில போட்டு வெச்சிருக்கீங்க" என்றார்.

ஆனால் இத்தனைக்கும் அடியில் ஒரே ஒரு தகராறு இருந்தது. 23 வாரத்தில் நுரையீரல் என்பது நுரையீரலே இல்லை. காற்றறைகள் இன்னும் உருவாகவில்லை. கிளைக் குழாய்கள்தான் இருக்கும். அதற்குள் அதுவரை இருந்தது திரவம். அந்த உறுப்பிடம் போய், நாளைக்குச் செய்ய வேண்டிய வேலையை இன்றைக்கே செய் என்று வென்டிலேட்டரால் மிரட்டுகிறோம். அது செய்கிறது, சில சமயம் செய்துகொண்டே கிழிகிறது. உயிர் பிழைத்து, மாதக்கணக்கில் ஆக்சிஜன் குழாயோடு வீட்டுக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர்! கருவறைக்குள் இருக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவாகத்தான் இருக்கும். வெளியே வந்ததும் அளவு ஏறுகிறது, கண்ணுக்குள் பாதி வளர்ந்த ரத்தக்குழாய்கள் வழி தவறிவிடுகின்றன. அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் உள்ளங்கையளவு பிள்ளைகளின் விழித்திரையைப் படம் எடுப்பார்கள். அப்போது ஒவ்வொரு படத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தான்.

என் தொழிலில் எனக்கு ஒரு ரகசியப் பெருமை உண்டு. பெரிய படிப்பு படித்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றும் வித்தையில் பாதி ஆட்டுப் பட்டியிலும் கோழிக் கொட்டகையிலும் கற்றது. பாரிஸில் தார்னியே என்ற பிரசவ மருத்துவர் 1878-ல் மிருகக்காட்சிப் பூங்காவில் கோழி முட்டை பொரிக்கும் பெட்டியைப் பார்த்தார். பூங்காவில் அந்த வேலை பார்த்தவரிடமே சொல்லி, குழந்தைக்கு ஒன்று செய்யச் சொன்னார். அதுதான் இன்குபேட்டரின் ஆரம்பம். என் சித்தப்பா மகன் பல்லடத்தில் ஹேச்சரியில் வேலை பார்க்கிறான். ஒருநாள் என் வார்டுக்கு வந்தவன் இன்குபேட்டரின் எண்களைப் பார்த்துவிட்டு, "அக்கா, சூடும் ஈரப்பதமும் நீங்களும் இப்படித்தான் வெக்கறீங்களா?" என்றான். பெரிய வித்தியாசம் இல்லை. அவனுடைய பெட்டியில் ஆயிரக்கணக்கில் இருக்கும், என்னுடையதில் ஒன்று.

செம்மறியின் கதை இன்னும் பெரியது. நியூசிலாந்தில் ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மருத்துவர் சினை ஆடுகளை வைத்து, பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்த ஒரு குட்டி ரொம்பவும் முன்னாலேயே விழுந்தது. செத்திருக்க வேண்டிய குட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் தேடியது ஒன்று, கிடைத்தது வேறு. ஸ்டீராய்டு நுரையீரலை அவசரமாகப் பக்குவப்படுத்துகிறது என்று அந்தக் குட்டி காட்டிக்கொடுத்தது. 1972-ல் லிகின்ஸும் ஹோவியும் தாய்மார்களிடம் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்க நிபுணர் குழு அதை எல்லாருக்கும் பரிந்துரைக்க 1994 ஆயிற்று. இருபத்திரண்டு வருஷம். ஊசியின் விலை அன்றும் இன்றும் ஏறக்குறைய டீ விலைதான். லாபம் இல்லாத மருந்துக்கு நடக்கத் தெரியாது, யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அந்தப் பை விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் 'செயற்கைக் கருப்பை' என்கிறார்கள். தமிழில் கருப்பை என்பதே பைதான். அதற்குள் பனிக்குடம் என்று ஒரு குடம் வேறு. குடத்தில் பிறந்ததாலே குடமுனி என்று ஒரு முனிவருக்கே பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் பை சுலபம். கஷ்டம் நஞ்சுக்கொடி. மூச்சு, சாப்பாடு, கழிவு எல்லாவற்றையும் ஒன்பது மாதம் ஒற்றை ஆளாகப் பார்த்துவிட்டு, கடைசியில் 'நஞ்சு' என்று பெயர் வாங்கிக்கொண்டு போகும் உறுப்பு அது. மாடு கன்று போட்டால் இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள் எங்கள் ஊரில். மனுஷிக்கு அந்த மரியாதையும் கிடையாது, வாளியில் போடுகிறோம்.

ஃப்ளேக் குழு செய்தது அந்த நஞ்சுக்கொடியின் மூச்சு வேலையை மட்டும் ஒரு பெட்டியிடம் ஒப்படைத்ததுதான். ஆக்சிஜன் கொடுத்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொள்ளும் பெட்டி. அதில் மோட்டார் பம்ப் கிடையாது. குட்டியின் சொந்த இதயமே ரத்தத்தைத் தள்ளுகிறது. எனக்கு அங்கேதான் அவர்கள் புத்திசாலித்தனம் தெரிந்தது. அதற்கு முன்னால் ஜப்பானில் ஜுண்டெண்டோ பல்கலைக்கழகத்தில் குவபாராவின் குழு வெள்ளாட்டுக் குட்டிகளைத் தொட்டித் தண்ணீரில் மூன்று வாரம் போல வைத்துப் பார்த்திருக்கிறது. பம்ப் வைத்துத் தள்ளினால் பிஞ்சு இதயத்துக்குப் பாரம். திறந்த தொட்டியானால் கிருமி. ஆகவே பம்பை எடுத்தார்கள், தொட்டியை மூடிப் பையாக்கினார்கள். ஒரு பக்கம் புதுத் திரவம் நுழைய, மறுபக்கம் பழையது வெளியேறியபடி இருக்கும். நுரையீரல் அதன் பாட்டுக்குத் திரவத்தோடு வளரும். மிரட்டல் கிடையாது.

அந்தக் குட்டிகளில் சின்னவை மூன்றரை மாதச் சினையில் எடுத்தவை. செம்மறிக்கு ஐந்து மாதம் என்று அப்பா கணக்குப் போடுவார். நுரையீரல் வளர்ச்சியில் அது நம் 23 வாரக் குழந்தைக்குச் சமம். எடையில் சமம் இல்லை, ஆட்டுக்குட்டி கனம். நம் குழந்தை எடையில் இருக்கும் குட்டி தாங்குமா என்ற கேள்விக்கு ஜப்பான்-ஆஸ்திரேலியக் குழு ஒன்று 2019-ல் பதில் கொண்டுவந்தது. 600, 700 கிராம் குட்டிகளை ஐந்து நாள் இதே மாதிரி தாக்குப்பிடிக்க வைத்தார்கள். ஆனால் கொடியின் ரத்தக்குழாய் தொட்டால் சுருங்கிவிடும். அதற்குள் குழாய் செலுத்துவது எப்படிப்பட்ட வேலை என்று, தொப்புளில் லைன் போடும்போது பக்கத்தில் நின்ற எவருக்கும் புரியும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுக்க வேண்டும். அந்த மருந்தே குழந்தையின் மூளையில் ரத்தம் கசிய வழி செய்யலாம். குட்டிகளின் மூளையை வைத்து மனிதப் பிஞ்சின் மூளைக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது. 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு இரண்டு நாள் உட்கார்ந்து, மனிதரிடம் முதல் சோதனை எப்படி இருக்க வேண்டும் என்று பேசியது.

வீடியோ வந்த வாரம் பத்திரிகைகளில், இனிமேல் பிள்ளை பெறப் பெண்ணே தேவையில்லை என்று எழுதினார்கள். ஆத்திரமாக வந்தது. ஹால்டேன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1923-ல் அப்படி ஒரு கற்பனையைக் கேம்பிரிட்ஜில் பேசினார். அவர் பிற்பாடு இந்தியக் குடிமகனாகி 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானார். அது அவர் கனவு. பிலடெல்பியாக்காரர்கள் கேட்பது 23-லிருந்து 27, 28 வாரம் வரைக்கும் கடக்க ஒரு பாலம். அதுவும் தாயின் வயிற்றைக் கிழித்து, குழந்தை ஒரு மூச்சுகூட இழுப்பதற்கு முன்னால், கொடியைப் பெட்டியில் சேர்த்தாக வேண்டும்.

எனக்குக் கவலை அங்கேதான். எங்களிடம் வரும் தாய்மார்கள் அப்படியா வருகிறார்கள்? வால்பாறையிலிருந்து ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண் வந்தாள். 26 வாரம். வலி எடுத்ததும் முதலில் போன இடத்தில், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்டீராய்டு ஊசி போடவில்லை. 24 முதல் 34 வாரத்துக்குள் வலி வந்தால் டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி. முதல் ஊசியைப் போட்டுத்தான் மேலே அனுப்ப வேண்டும், கிராம செவிலியரே போடலாம் என்று 2014-லிருந்து மத்திய அரசின் வழிகாட்டுதலே இருக்கிறது. ஆழியாறு இறங்க நாற்பது கொண்டை ஊசி வளைவு. எந்த வளைவில் பிறந்தது என்று அந்தப் பெண்ணுக்கே தெரியவில்லை. 108-ல் இருந்த தம்பி கொடியைக் கட்டி வெட்டி, குழந்தையைத் தாயின் நைட்டிக்குள் மாரோடு வைத்து, மேலே தன் ஜெர்கினைப் போட்டு மூடிக் கொண்டுவந்தான். எடை 780 கிராம். உடம்பு சில்லிட்டுப் போகவில்லை. அந்தத் தம்பி பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் விட்டது என் தப்பு.

அந்தக் குழந்தை பிழைத்தது. எழுபத்தெட்டு நாள் வார்டில் இருந்தது. கண்ணுக்கு லேசர் ஆயிற்று. உலகத்தில் எவ்வளவு நல்ல பை இருந்தாலும் அந்தக் குழந்தைக்கு உதவியிருக்காது. கொடி ஏற்கெனவே ஒரு வளைவில் வெட்டுப்பட்டுவிட்டது. ஒரு டீ விலை ஊசி உதவியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரே வாரம், ஒரே எடை என்றால், ஆணைவிடப் பெண் குழந்தைக்குத்தான் பிழைக்கும் சக்தி அதிகம். மூச்சு சீக்கிரம் பிடிபடும். வார்டில் எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். ஆனால் ஆண் குழந்தை என்றால் காடு கரையை அடகு வைத்தாவது சர்ஃபாக்டன்ட் வாங்கி வந்தவர்கள், பெண் என்றால் "செலவு எவ்வளவு ஆகுமுங்க?" என்று இரண்டு முறை கேட்டார்கள். மூன்றாம் முறை கையெழுத்துப் போட்டுத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. நான் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். எடை, வாரம், இதயத்துடிப்பு, "கையைக் காலை நல்லா ஆட்டுதுங்க", இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, பெரியவர்கள் முகம் கொஞ்சம் தெளிந்த பிறகே பொண்ணு என்பேன். இப்போது அந்தக் கேள்வி குறைந்திருக்கிறது. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். பை வந்தால், அதன் பில்லைப் பார்த்துவிட்டு யார் எத்தனை முறை கேட்பார்கள்?

ஜாதகம் வேறு இருக்கிறது. எங்கள் வார்டில் பிறந்த நேரத்தை நிமிஷத்தோடு எழுதித் தரச் சொல்லாத குடும்பம் கிடையாது. 23 வாரத்தில் வயிற்றிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்து, 27-ல் பையைக் கிழித்து எடுத்தால் எது பிறந்த நேரம்? எந்த லக்னம்? சிரிக்காதீர்கள். சட்டக்காரர்களும் இதே கேள்வியில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பைக்குள் இருப்பது கருவும் இல்லை, பிறந்த குழந்தையும் இல்லை என்பதால் பிரிட்டனில் எலிசபெத் குளோயி ரோமானிஸ் என்ற சட்ட அறிஞர் 2018-ல் 'ஜெஸ்டேட்லிங்' என்று ஒரு புதுப்பெயரே வைத்தார். நம் ஜோசியர்கள் என்ன பெயர் வைப்பார்களோ.

2017 மே மாதம் லீவில் ஊருக்குப் போனபோது வீடியோவை அப்பாவுக்குக் காட்டினேன். வாசலில் கயிற்றுக் கட்டில். கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, செல்போனை எட்டப் பிடித்து இரண்டு முறை பார்த்தார்.

"எத்தன நாளு வெச்சிருந்தாங்க?"

"இருபத்தெட்டு நாளுங்ப்பா."

"தண்ணி கெட்டுப்போகாதா?"

"ஓடிக்கிட்டே இருக்குமுங்."

தலையாட்டினார். மூன்றாம் முறை பார்த்தார். "தாயாடு எங்க அம்மிணி?"

"அது வீடியோவுல இல்லீங்ப்பா."

"அப்ப வெளிய எடுத்தப்புறம் குட்டிய எது சேத்துக்குச்சு?"

எங்கள் பட்டியில் அதுதான் பெரிய பிரச்சினை. குட்டி விழுந்ததும் தாய் நக்கி மோந்து பார்க்க வேண்டும். அந்த வாசம் பிடிபட்டால்தான் மடியைக் கொடுக்கும். இல்லையென்றால் முட்டித் தள்ளிவிடும். அப்பா உப்பைத் தடவி நக்க வைப்பார், தாயைக் கம்பத்தில் கட்டிப்போட்டு ஊட்டவிடுவார், மற்ற ஆட்டின் பனிக்குடத் தண்ணீரைக் குட்டி மேல் பூசுவார். அதெல்லாம் பலிக்காத குட்டி, கவிழ்த்த கூடைக்குள் எங்கள் கையால் வெள்ளாட்டுப் பால் குடித்து வளரும். பிலடெல்பியாக் குட்டிகளில் பெரும்பாலானவற்றை உறுப்புகளைச் சோதிக்கக் கொன்றுவிட்டார்கள் என்பதை அப்பாவிடம் சொல்லவில்லை. ஒன்று புட்டிப்பாலில் வளர்ந்து ஒரு பண்ணைக்குப் போனதை மட்டும் சொன்னேன். "ம்" என்றார். பட்டிப் பக்கம் எழுந்து போய்விட்டார்.

திரும்பி டியூட்டிக்கு வந்தபோது வார்டில் திருப்பூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். பனியன் கம்பெனியில் வேலை. 25 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை, இருபதாம் நாள். அத்தனை நாளும் இன்குபேட்டர் துவாரத்துக்குள் கை விடவே பயந்தாள். பால் பீய்ச்சிக் கொடுப்பாள், தூரத்தில் உட்காருவாள். அன்றைக்குக் கங்காரு முறையில் மாரில் வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்குபேட்டர் பற்றாமல் போன கொலம்பியாவில், 1970-களின் கடைசியில், ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கிய முறை. எங்களுக்கு அது ஏழைகளின் மாற்று ஏற்பாடாகத்தான் வந்து சேர்ந்தது. பிறந்த உடனே அப்படி வைத்தால் இறப்பு கால்வாசி குறைகிறது என்று டெல்லியும் சேர்ந்த ஐந்து நாட்டு ஆய்வு 2021-ல் காட்டிய பிறகே பெரிய ஆஸ்பத்திரிகள் அதைத் திரும்பிப் பார்த்தன. பைக்குள் இருக்கும் குழந்தையை நாலு வாரம் இப்படி வைக்க முடியாது. 23 வாரத்துத் தோலை முதல் சில நாள் நாங்களும் வைக்கத் தயங்குவோம், அதுவும் உண்மை.

சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தேன். குழாய்களையெல்லாம் ஒரு தோளுக்கு மேலே ஒதுக்கி, குழந்தையைத் தவளை மாதிரி நெஞ்சில் ஒட்ட வைத்து, துணியால் சுற்றிக் கட்டினேன். மானிட்டரில் 88, 90, பிறகு 94. அந்தப் பெண் அசையவே இல்லை, மூச்சுகூட மெதுவாக விட்டாள். ரொம்ப நேரம் கழித்துக் குனிந்து, தொப்பியை விரலால் கொஞ்சம் நகர்த்தி, உச்சந்தலையை மோந்து பார்த்தாள். முகம் சுருங்கியது.

"மருந்து வாசம் அடிக்குதுங் சிஸ்டர்."

"அடிக்கட்டும். அப்படியே வெச்சுக்கங்க."

தினமும் நாலு மணி நேரம் உட்கார்ந்தாள், அப்புறம் ஆறு மணி நேரம். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பால் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபோது சும்மா கேட்டு வைத்தேன், "இன்னும் மருந்து வாசமா?"

மறுபடி குனிந்து மோந்தாள். "இல்லீங்க," என்றாள்.